மஞ்சள் காமாலை வடிந்த மூன்றாம் மாதத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை தொடங்கினால் மலையகத்தில் மஞ்சள் காமாலையைப் பற்றிய கட்டுரைகளும் தொடங்கிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பீலித் தண்ணீரை அப்படியே நம்பாதீர்கள், கசிப்பைத் தொடாதீர்கள் என்று எழுதுவார்கள். எல்லாம் சரிதான். 2007இல் கம்பளையில் ஹெப்பட்டைட்டிஸ் ஏ பரவியதைப் பார்த்த பகுதி இது, தண்ணீரைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் தகும். ஆனால் தண்ணீர், குடி என்ற இந்த இரண்டோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரண்டிலும் சேராத ஓர் ஈரல் நோய் இருக்கிறது. அது தோட்டத்து வீடுகளிலும் இருக்கிறது, நகரத்து வீடுகளிலும் இருக்கிறது. உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையால் அடக்கிவிடலாம், பிந்தினால் ஈரல் சுருங்கிப்போகும். ஓட்டோஇமியூன் ஹெப்பட்டைட்டிஸ், அதாவது தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி என்ற அந்த நோயைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்லவே இக்கடிதம்.

வேலியே பயிரை மேய்ந்தாற்போல, கிருமியை எதிர்க்க வேண்டிய நோயெதிர்ப்புக் கலங்கள் சொந்த ஈரலின் கலங்களையே தாக்குவதுதான் இந்த நோய். தண்ணீரால் வருவதில்லை. ஒரே கோப்பையில் குடிப்பதாலோ, ஒரே லயத்தில் இருப்பதாலோ, தாம்பத்தியத்தாலோ ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயுள்ள பெண்ணின் தட்டையும் கோப்பையையும் தனியாக வைக்கும் வீடுகள் உண்டு. அதற்குத் தேவையே இல்லை. பிறப்போடு வரும் ஒரு சாய்வு சிலருக்கு இருக்கலாம், ஆனால் தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்ற வகைப் பரம்பரை நோய் அல்ல இது. 1950இல் சுவீடனைச் சேர்ந்த யான் வால்டன்ஸ்ட்ரோம் என்ற மருத்துவர் இதை விவரித்தபோது, இளம் பெண்களில் வரும் நீண்டகால ஈரல் அழற்சி, இரத்தத்தில் குளோபுலின் என்ற புரதம் மிக அதிகம் என்று குறித்தார். அந்த இரண்டாவது அடையாளம் இன்றும் உதவுகிறது. கீழே அதற்கு வருகிறோம்.

எத்தனை பேருக்கு வரும்? ஐரோப்பிய நாடுகளில் ஒரு இலட்சம் பேரில் 10 முதல் 25 பேர் இந்த நோயோடு வாழ்கிறார்கள். ஆசிய நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் இலட்சத்துக்கு ஏறத்தாழ 13 பேர். புதிதாகக் கண்டுபிடிக்கப்படுவோர் ஆண்டுக்கு இலட்சத்தில் ஒருவர், அல்லது சற்று அதிகம். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஆண்டுக்கு ஒருவர் வீதம் சேர்ந்து 13 பேர் இருக்கிறார்கள் என்றால், நோய் வந்தவர்கள் பத்து வருடத்துக்கு மேல் அதோடு வாழ்கிறார்கள் என்று பொருள். நுவரெலியா மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருக்கிறோம். ஆசிய விகிதத்தை அப்படியே போட்டால் 90 பேருக்கு மேல் வரும். பதுளை மாவட்டத்துக்கு நூறைத் தாண்டும். வீடு வீடாகப் போய் எண்ணியதல்ல, விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு. இருந்தாலும் "லட்சத்தில் ஒருத்தருக்கு வர்ற வியாதி, நமக்கு எதுக்கு" என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு இக்கணக்குப் போதும்.

நோயாளர்களில் நான்கில் மூன்று பங்குக்குக் குறையாமல் பெண்கள். எந்த வயதிலும் வரலாம், ஆனால் பருவ வயதை ஒட்டி ஒரு கூட்டம், நாற்பத்தைந்துக்கு மேல் இன்னொரு கூட்டம் என்று இரண்டு இடத்தில் எண்ணிக்கை கூடும். பாட்டிமாருக்கும் வரும். மீதி கால் பங்கு ஆண்கள் என்பதை மறக்க வேண்டாம். அவர்கள் படும் பாடு வேறு, அதையும் சொல்கிறோம்.

இந்த நோய் ஒளிந்திருப்பதற்கு முதல் காரணம், இதன் அறிகுறிகள் எல்லாமே வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கக்கூடியவை. களைப்பு, பசியின்மை, கை விரல் மூட்டுகளில் வலி, வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், மாதவிடாய் தள்ளிப்போவது. நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுக்கும் பெண் களைப்பாக இருக்கிறது என்றால் இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். விரல் வலிக்கிறது என்றால் குளிர், கொழுந்து கிள்ளுகிற கை, வேறென்ன என்பார்கள். இரண்டும் பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும், அதுதான் சிக்கல். இரும்புச்சத்து மாத்திரை மூன்று மாதம் தின்றும் களைப்புத் தீரவில்லை, ஹீமோகுளோபினும் சரியாகத்தான் இருக்கிறது என்றால், அடுத்து ஈரல் பரிசோதனையையும் தைரொயிட் பரிசோதனையையும் கேட்க வேண்டும். தைரொயிட் நோய், முதலாம் வகை நீரிழிவு, தோலில் வெண்புள்ளி, முடக்குவாதம் போன்றவை ஏற்கனவே இருப்பவருக்கு இந்த ஈரல் நோயும் சேர்ந்து வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

நால்வரில் ஒருவருக்கு நோய் திடீரென்று வரும். கண் மஞ்சள், சிறுநீர் பிளேன் டீ நிறம், குமட்டல், அப்படியே செங்கண்மாரிபோல. இன்னும் சிலருக்கு எந்த அறிகுறியுமே இல்லாமல் வேறெதற்கோ எடுத்த இரத்தத்தில் தெரியவரும். கண்டுபிடிக்கும் நாளிலேயே மூன்றில் ஒருவருக்கு ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ், வந்திருக்கும்.

இரண்டாவது காரணம், இந்த நோய் ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. மருந்தே எடுக்காவிட்டாலும் மஞ்சள் தானாக வடியும், சில மாதம் கழித்துத் திரும்ப வரும். இடையில் கீழாநெல்லி அரைத்துக் குடித்திருப்பார்கள், அல்லது காமாலைக்கு மந்திரித்திருப்பார்கள். மஞ்சள் வடிந்ததும் பெயர் கீழாநெல்லிக்குப் போய்விடும். ஹெப்பட்டைட்டிஸ் ஏயும் தானாகவே ஆறுகிற நோய் என்பதால் கீழாநெல்லிக்கு அங்கேயும் நல்ல பெயர்தான். கீழாநெல்லியோடு எங்களுக்குச் சண்டை இல்லை. மஞ்சள் வடிந்ததை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொள்வதோடுதான் சண்டை. கண்ணின் வெள்ளை தெளிந்திருக்கும்போதே உள்ளே ஈரல் கலங்கள் அழிந்துகொண்டிருக்கலாம், அதை இரத்தம் மட்டும்தான் காட்டும். மூட்டுவலிக்கோ வீசிங்குக்கோ ஒரு கிழமை பிரெட்னிசொலோன் என்ற, நோயெதிர்ப்பை அடக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையை எழுதிக்கொடுத்தாலும் இதே குழப்பம் நடக்கும். ஈரல் அழற்சி அந்த ஒரு கிழமை அடங்கி, பிறகு திரும்பும்.

ஆகவே முதல் வேண்டுகோள் எளியது. மஞ்சள் காமாலை வந்த எவரும், குறிப்பாகப் பெண்கள், அது வடிந்த பின் ஒரு தடவை ஈரல் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆறு கிழமையில் செய்தால் நல்லது, பிந்தினால் மூன்றாம் மாதத்துக்குள். ஹெப்பட்டைட்டிஸ் ஏ வந்த பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று மாதத்தில் எல்லா எண்களும் வழமைக்கு வந்துவிடும். சிலருக்கு அதுவே மறுபடி தலைதூக்கி இழுத்தடிக்கும். ஆறு மாதம் கடந்தும் எண்கள் இறங்கவில்லை என்றால் அது சாதாரணச் செங்கண்மாரி அல்ல.

அந்த அறிக்கையில் எதைப் பார்ப்பது? எல்லோரும் பிலிருபினை மட்டும் பார்க்கிறார்கள், மஞ்சளின் அளவு அதுதான் என்பதால். பார்க்க வேண்டியவை இன்னும் மூன்று. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்ற இரண்டும் ஈரல் கலம் உடையும்போது இரத்தத்தில் கசிபவை. சுகமானவரில் 40க்கு உட்பட்டிருக்கும், இந்த நோயில் நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்தைத் தாண்டியும் நிற்கும். மூன்றாவது, யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத குளோபுலின் என்ற வரி. சில அறிக்கைகளில் அது தனியாக அச்சிடப்படாது. மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் வருவதுதான் குளோபுலின். உதாரணத்துக்கு மொத்தப் புரதம் 9.2, அல்புமின் 3.1 என்றிருந்தால் குளோபுலின் 6.1. வழமையாக அது 3.5ஐத் தாண்டாது. வால்டன்ஸ்ட்ரோம் குறித்தது இதைத்தான். ஒரு சதமும் கூடுதலாகச் செலவழிக்காமல், கையில் இருக்கும் தாளிலேயே கிடைக்கும் துப்பு இது. இது மட்டுமே நோயை நிரூபிக்காது. நாட்பட்ட வேறு தொற்றுகளிலும், எந்தக் காரணத்தால் வந்த சிரோசிஸிலும் குளோபுலின் கூடும். ஆனால் எஸ்.ஜி.பி.டி. பல நூறும் குளோபுலின் 5க்கு மேலும் சேர்ந்திருக்கும் அறிக்கையைக் கோப்பில் செருகிவிட்டு "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பக் கூடாது.

இப்போது ஆண்களின் பாடு. ஈரல் கெட்ட ஆண் என்றால் குடிகாரன் என்ற முடிவு வாசலிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அவர் உண்மையில் குடிப்பவராகவும் இருக்கலாம், அது வேறு நோய் வரக் கூடாது என்ற உத்தரவாதம் ஆகாது. மதுவால் வரும் ஈரல் அழற்சிக்கு ஒரு பாங்கு உண்டு. எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரு மடங்காக இருக்கும், ஆனால் இரண்டுமே 300, 400ஐத் தாண்டுவது அரிது. 700, 800 என்று நிற்கும் எஸ்.ஜி.பி.டி.யைக் கசிப்பின் தலையில் மட்டும் கட்டுவது தவறு. வைரஸையும், எலிக்காய்ச்சலையும், உட்கொண்ட மருந்துகளையும், தன்னெதிர்ப்பு நோயையும் தேட வேண்டும். குடியே அறியாத பெண்ணின் சிரோசிஸுக்கு "கொழுப்பு ஈரல்" என்று பெயர் வைத்து முடிப்பதும் இதே அவசரத்தின் மறுபக்கம்தான்.

பரிசோதனைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வைரஸ்கள்: ஹெப்பட்டைட்டிஸ் ஏ, பி, சி, திடீர் நோயாக இருந்தால் ஈயும். பிள்ளைகளுக்கு 2, 4, 6ஆம் மாதங்களில் போடும் ஐந்து கூட்டுத் தடுப்பூசியில் ஹெப்பட்டைட்டிஸ் பீக்கான மருந்தும் இருக்கிறது. அந்த ஊசி வருவதற்கு முன் பிறந்த வயதுவந்தவர்களில் பி இருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்டீரொயிட் தொடங்கக் கூடாது. உறங்கிக் கிடக்கும் பி வைரஸ் அதனால் விழித்தெழும். அடுத்தது ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, லீற்றருக்கு 16 கிராம் வரை வழமை. அதன்பின் ஏ.என்.ஏ., எஸ்.எம்.ஏ. என்ற தன்னெதிர்ப்புக் கூறுகள், பிள்ளைகளில் எல்.கே.எம்.-1உம். மலையகத்திலிருந்து இவற்றுக்கான மாதிரிகள் பல வேளைகளில் கொழும்புக்குத்தான் போகின்றன. முடிவு வரும்வரை தினமும் வார்டில் படுத்திருக்கத் தேவையில்லை, ஆனால் முடிவை யார் எடுத்து வருவது, எந்தக் கிளினிக்கில் காட்டுவது என்பதை வீட்டுக்குப் போகும் முன் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். கொழும்புக்குப் போன முடிவுகள் திரும்பி வந்து உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் கிடப்பது நடக்கிறது.

2008இல் வெளியான ஓர் எளிய புள்ளி முறையை உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஏ.என்.ஏ. அல்லது எஸ்.எம்.ஏ. 1:40 (இரத்தத்தை 40 மடங்கு ஐதாக்கிய பின்னும் தெரிவது) என்றால் ஒரு புள்ளி, 1:80 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு. ஐ.ஜி.ஜி. மேல்வரம்பைத் தாண்டினால் ஒன்று, அதன் 1.1 மடங்கைத் தாண்டினால் இரண்டு. வைரஸ் எதுவும் இல்லை என்றால் இரண்டு. ஈரலிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு (பயொப்சி, பேச்சு வழக்கில் தசைப் பரிசோதனை) நோயோடு பொருந்தினால் ஒன்று, நோயின் அடையாளங்களை அப்படியே காட்டினால் இரண்டு. ஆறு வந்தால் இருக்கலாம், ஏழு வந்தால் உறுதி. கூட்டிப் பாருங்கள்: தசைப் பரிசோதனை இல்லாமல் ஆறுக்கு மேல் போகவே முடியாது. ஏ.என்.ஏ. பொசிட்டிவ் என்ற ஒரே தாளை வைத்து எவரையும் நோயாளி ஆக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். சுகதேகிகள் சிலரிலும் அது பொசிட்டிவ் ஆகும், கொழுப்பு ஈரல் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது ஆகும். அவர்களுக்கு வீணாக ஸ்டீரொயிட் கொடுத்தால் சீனி ஏறி, ஈரலில் கொழுப்பும் கூடும்.

நாற்பது வயதுக்குட்பட்டவர்களில் இன்னொன்றையும் விலக்க வேண்டும். செம்பு ஈரலில் தேங்கும் வில்சன் நோய், தன்னெதிர்ப்பு நோயைப் போலவே வேடம் போடும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டிய நோய் அது. மாமன் மகள், அத்தை மகன் கலியாணங்கள் வழக்கத்தில் உள்ள நம் குடும்பங்களில் அதற்கு இடம் அதிகம். செரூலோபிளாஸ்மின் அளவும், 24 மணி நேரச் சிறுநீரில் செம்பும், கண் கிளினிக்கில் கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையமும் பார்ப்பார்கள். அதற்கான மருந்து முற்றிலும் வேறு.

தசைப் பரிசோதனை என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது, ஈரலை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று. எடுப்பது நூல் பருமனில் இரண்டு சென்ரிமீற்றர் நீளத் துணுக்கு. அதை எடுப்பதற்குச் சில நாட்களுக்கு முன் பிளேட்லெட்டும் இரத்தம் உறையும் நேரமும் பார்ப்பார்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்கு நிறுத்துவது என்பது மருத்துவரின் முடிவு. சில மணி நேரம் வெறும் வயிறு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலாவுக்கிடையில் மரத்துப்போக ஊசி, மூச்சை அடக்கச் சொல்லும் சில விநாடியில் துணுக்கு கையில். பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் படுக்கை. வலது தோளில் வலி வரலாம், பயப்பட வேண்டாம், ஈரலுக்கு மேலுள்ள உதரவிதானத்தின் நரம்பு அங்கேதான் பேசும். தலைச்சுற்றும் வியர்வையும் வந்தால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும், பெரிய இரத்தக்கசிவு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம். ஸ்டீரொயிட் தொடங்கிச் சில கிழமை கழித்து எடுத்தால் அடையாளங்கள் கலைந்துபோகும் என்பதால், நோயாளரின் நிலை இடம் கொடுத்தால் முதலில் தசை, பிறகு மாத்திரை.

சிகிச்சை பழைய, மலிவான இரண்டு மாத்திரைகள். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளில், கடுமையான நோய் வந்து மருந்தெடுக்காதவர்களில் ஏறத்தாழ பத்தில் நால்வர் ஆறு மாதத்தில் இறந்தார்கள். இன்று ஒழுங்காக மருந்தெடுப்பவர்களில் பத்து வருடம் கடந்தும் பத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தரும் மலிவு மருந்துகள் அதிகமில்லை.

பிரெட்னிசொலோன் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு அரை முதல் ஒரு மில்லிகிராம் என்று தொடங்கும். 50 கிலோப் பெண்ணுக்கு 30 மி.கி. என்று எழுதினால் 5 மி.கி. மாத்திரை ஆறு, காலை சாப்பாட்டுக்குப் பின் ஆறையும் ஒன்றாக. மூன்று வேளைக்குப் பிரித்துக் குடித்தால் இரவில் தூக்கம் வராது. எண்கள் இறங்க இறங்க ஒன்றிரண்டு கிழமைக்கொரு தடவை மருத்துவர் குறைத்துக்கொண்டே வருவார். இரண்டு கிழமையளவில் இரண்டாவது மாத்திரையான அசத்தியோபிரின் சேரும், 50 மி.கி. மாத்திரையில் ஒன்று அல்லது பாதியில் தொடங்கி, கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. வரை. ஸ்டீரொயிட்டைக் குறைக்க இடம் செய்து கொடுப்பதுதான் அதன் வேலை. ஆறு மாதத்துக்குள் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., ஐ.ஜி.ஜி. மூன்றும் வழமைக்கு வர வேண்டும் என்பதே இலக்கு. பாதி இறங்கினால் போதும் என்பது இதில் செல்லாது.

அசத்தியோபிரினில் கவனிக்க வேண்டியது வெள்ளை அணுக்கள். அதை உடைத்து வெளியேற்றும் மரபணுவில் மாறுபாடு உள்ளவர்கள் நம் ஆசியர்களில் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிறிய அளவிலேயே முடி கொட்டி, வெள்ளை அணு சரிந்துவிடும். முதல் இரண்டு மாதம் கிழமைக்கு அல்லது இரு கிழமைக்கு ஒரு தடவை எப்.பி.சி. என்ற இரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை எடுக்கச் சொல்வது அதற்குத்தான், மாத்திரை ஒத்துக்கொண்ட பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. இந்த மாத்திரையில் இருப்பவருக்குக் காய்ச்சல், தொண்டை நோவு, வாய்ப்புண் வந்தால் பனடோலோடு படுத்துவிடாமல் அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். கடும் வயிற்று வலியோடு வாந்தி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே வைத்தியசாலைக்கு. கௌட் வாதத்துக்கு அலோபியூரினோல் எடுப்பவர் இரண்டையும் சேர்த்துக் குடித்தால் வெள்ளை அணு உயிராபத்தான அளவுக்கு விழும். இரண்டு வேறு கிளினிக்குகளில் இரண்டு வேறு கொப்பிகள் வைத்திருப்பவர்களுக்கு நேரும் விபத்து இது. எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லாக் கொப்பிகளையும் மேசையில் வையுங்கள்.

மருந்து விடுபடுவதற்கு இளம் பெண்களில் முதல் காரணம் முகம். இரண்டாம் மாதத்தில் முகம் உப்பும், பசி கூடும், பரு வரும், பார்க்கிறவர்கள் "ஊதிப்போயிட்டியே" என்பார்கள். மாத்திரை நாளுக்கு 7.5, 5 மி.கி. என்று இறங்கும்போது முகமும் இறங்கும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் மாத்திரையைக் கழிவறையில் போடமாட்டார்கள். சீனியும் பிரஷரும் பார்க்க வேண்டும், எலும்புக்குக் கல்சியம், விற்றமின் டி வேண்டும், சம்பலிலும் கருவாட்டிலும் உப்பைக் குறைக்க வேண்டும். அசத்தியோபிரின் வருடக்கணக்கில் எடுப்பவரின் தோலுக்கு வெயில் ஆகாது. கொழுந்து மலையில் நிற்பவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைக்கு விரிந்த தொப்பியும் போட வேண்டும்.

உயிருக்கே ஆபத்தான தவறு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று நான்கு கிழமைக்கு மேல் பிரெட்னிசொலோன் எடுத்தவரின் உடல், தான் சுரக்க வேண்டிய ஸ்டீரொயிட்டைச் சுரக்க மறந்திருக்கும். அந்த நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி என்று போய் ஆள் இறந்துபோகலாம். இங்கே அது பிடிவாதத்தால் மட்டும் நடப்பதில்லை. கிளினிக் நாளில் மண்சரிவு விழும், பஸ் வராது. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளக் கணக்கு, போய்விடும் என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளுவார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் வீதிகள் துண்டிக்கப்பட்டன. ஆகவே எந்நேரமும் இரண்டு கிழமைக்கான மாத்திரை மேலதிகமாகக் கையில் இருக்க வேண்டும், அதை நனையாத போத்தலில் வைக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால், கொப்பி வெள்ளத்தில் போனாலும் எந்த வைத்தியசாலையிலும் மருந்து எழுத முடியும். வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் ஊசியாகப் போட வேண்டும், வாந்தி நிற்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பார்மசியில் 5 மி.கி.க்குப் பதில் வேறு அளவு மாத்திரை தந்தால், எண்ணிக்கையை அல்ல, மொத்த மில்லிகிராமைப் பாருங்கள். பிரெட்னிசொலோன் இல்லை, டெக்சாமெத்தசோன் தருகிறேன் என்றால் ஒன்றுக்கு ஒன்று மாற்ற முடியாது. அதில் 0.75 மி.கி. இதில் 5 மி.கி.க்குச் சமம்.

எத்தனை காலம்? எண்கள் எல்லாம் வழமைக்கு வந்து குறைந்தது இரண்டு வருடம் அப்படியே நின்ற பிறகுதான் நிறுத்துவதைப் பற்றிப் பேச்சே. அப்படி நிறுத்தியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்பும், பெரும்பாலும் முதல் வருடத்திலேயே. பலருக்கு இது ஆயுள் மருந்து. சிரோசிஸ் வந்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வயிற்று ஸ்கேன் செய்ய வேண்டும்.

கலியாணம், பிள்ளை பற்றிக் கேட்கிறார்கள். நோய் அடங்கி ஒரு வருடம் ஆன பெண் கருத்தரிக்கலாம். பிரெட்னிசொலோனையும் அசத்தியோபிரினையும் கர்ப்பத்தில் தொடர வேண்டும், பிள்ளைக்கு ஆகாது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. மாறாக மைக்கோபினொலேட் என்ற மாற்று மருந்தில் இருப்பவர் கருத்தரிக்கவே கூடாது, அது சிசுவின் உருவத்தைக் கெடுக்கும், முன்கூட்டியே மருந்தை மாற்ற வேண்டும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் நோய் தலைதூக்குவது சகஜம் என்பதால் அந்த நாட்களில் மாதத்துக்கொரு தடவை ஈரல் பரிசோதனை வேண்டும். தோட்டத்துக்கு வரும் மருத்துவமாதுவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மூலிகை பற்றி ஒரு வார்த்தை. கொரோனா காலத்தில் இந்தியாவில் சீந்தில் குடித்தவர்களில் சிலருக்கு அச்சொட்டாக இந்த நோயைப் போன்ற ஈரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். அமுக்கராக் குளிசைகளாலும், மிளகுச் சாற்றோடு செறிவூட்டிய மஞ்சள் கெப்சூல்களாலும் ஈரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கறிக்குப் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. ஆங்கில மருந்துகளும் தப்பவில்லை: சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டொயின், பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் இரண்டும் இதே வேடத்தைப் போடும். நிறுத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். அதனால் கடந்த ஆறு மாதத்தில் உட்கொண்ட அனைத்தையும், பொட்டலமாக வாங்கியதையும் சேர்த்து, ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எந்த நேரத்தில் தோட்ட டிஸ்பென்சரியில் காத்திருக்கக் கூடாது என்றால்: மஞ்சளோடு பேச்சுத் தடுமாறினாலோ, பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தாலோ, கறுப்பு மலம் போனாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ, வயிறு ஊதினாலோ. அன்றைக்கே கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற பெரிய வைத்தியசாலைக்கு.

சுகாதார அதிகாரிகளிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் உங்கள் பத்திரிகை மூலம் மூன்றைக் கேட்கிறோம். முதலாவது, பிரெட்னிசொலோன் 5 மி.கி. மாத்திரை பிரதேச வைத்தியசாலைகளிலும் தோட்ட வைத்தியசாலைகளிலும் ஒரு நாளும் தீரக் கூடாது. கிளினிக் கொப்பியைக் காட்டினால் அடுத்த கிளினிக் வரைக்குமான மருந்தை அங்கேயே கொடுக்க வேண்டும். இரண்டாவது, கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. மூன்றாவது, மாத்திரை உறையில் தமிழில் எழுத வேண்டும். "காலையில் 6 மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின், தானாக நிறுத்த வேண்டாம்" என்று எழுத அரை நிமிடம் போதும். இப்போது பல உறைகளில் இருப்பது ஒரு கோடும் ஓர் எண்ணும், அல்லது நோயாளரால் வாசிக்க முடியாத மொழி.

இப்படிக்கு,
மலையக வைத்தியசாலைகளில் ஈரல் நோயாளரைப் பராமரிக்கும் மருத்துவர்களும் தாதியரும்,
நுவரெலியா மாவட்டம்.